யாருடைய இடது?

எங்கள் ஆலையின் மூன்றாம் கூடத்தில் ‘இடது’, ‘வலது’ என்று சொன்னால் இருபது பாட்டில் பீர் அபராதம். இந்தச் சட்டம் எங்கும் எழுதப்படவில்லை. எழுதி ஒட்டிய சட்டங்களைவிட ஒழுங்காக நடந்தது என்பது வேறு விஷயம். இடதுசாரி அரசு நடக்கிற நாட்டில் இடது என்று சொல்லத் தடை போட்ட ஒரே இடம் இதுதான் என்று சோதனை ஓட்டுநர் விலேம் சொல்லிச் சிரிப்பார். குரலைத் தணித்துக்கொண்டுதான் சொல்வார்.

காரணம் எளிது. மின்சார ரயில் இன்ஜினுக்கு முகமும் கிடையாது, முதுகும் கிடையாது. இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை. நடுவில் மின்பெட்டிகள் வரிசையாக நிற்கும், அவற்றுக்கு இருபுறமும் நடைபாதை. ஜன்னல் இருக்கிற நடையில் நின்று பெட்டியைப் பார்த்தால் எது இடதோ, அடுத்த நடையில் நின்று பார்த்தால் அதுவே வலது. அதனால் ஒன்றாம் அறைப் பக்கம், இரண்டாம் அறைப் பக்கம் என்றுதான் பேச வேண்டும். சுருக்கமாக ‘ஒண்ணு பக்கம்’, ‘ரெண்டு பக்கம்’. வாய் தவறியவர் திங்கட்கிழமை ஒரு பெட்டி பீரோடு வர வேண்டும். அவர் பெயர் கூடத்துச் சுவரில் சாக்பீஸால் ஏறும்.

பதினான்கு வருஷமாக அந்தச் சுவரில் என் பெயர் ஏறவில்லை. லிபுஷே பெஷ்கோவா. கம்பி கட்டும் பிரிவுக்குத் தலைவி. எனக்குக் கீழே பதினொரு பெண்கள். எனக்குத் தலைக்கனம் என்று கூடத்தில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். கனமாக எதையாவது செய்தவளுக்குத்தான் அது வரும்.

அந்த இலையுதிர் காலத்தில் நாங்கள் செய்துகொண்டிருந்தது சாதாரண இன்ஜின் இல்லை. எங்கள் நாட்டில் ரயில் பாதைக்கு மேலே போகிற கம்பி வடக்கே ஒரு ஜாதி, தெற்கே ஒரு ஜாதி. வடக்கே மூவாயிரம் வோல்ட், ஒரே திசையில் ஓடுகிற மின்சாரம். தெற்கே இருபத்தையாயிரம், நொடிக்கு ஐம்பது தடவை திசை மாறுகிற மின்சாரம். இரண்டும் லோட்கா என்ற சின்ன ஸ்டேஷனுக்கு வெளியே சந்திக்கின்றன. வடக்கத்தி இன்ஜின் தெற்கே போனால் பொரிந்துபோகும். தெற்கத்தி இன்ஜின் வடக்கே வந்தால் நகராது. எனவே ஒவ்வொரு சரக்கு ரயிலும் லோட்காவில் நிற்கும், இன்ஜினைக் கழற்றி வேறு இன்ஜின் மாட்டுவார்கள். நாற்பது நிமிஷம் போகும். நிலக்கரி காத்துக்கிடக்கும், பின்னால் வருகிற பீட்ரூட் காத்துக்கிடக்கும், அதற்குப் பின்னால் வருகிறவன் திட்டுவான்.

நாங்கள் செய்தது இரண்டையும் தின்கிற இன்ஜின். முதல் கூடத்தில் எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து உடல் செய்தார்கள். இரண்டாம் கூடத்தில் சக்கரமும் மோட்டாரும். ஒன்பது டன் டிரான்ஸ்ஃபார்மரைக் கிரேனில் கட்டி, சுற்றிலும் ஒரு விரல் இடைவெளிதான் மிச்சம் என்கிற குழிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினார்கள். கடைசியாக எங்கள் கூடத்துக்கு வந்தபோது அது வெறும் இரும்பு. பதினொரு கிலோமீட்டர் கம்பியை அதன் உடம்புக்குள் ஓட்டி, கற்றையாக்கி, மெழுகு நூலால் கட்டி, ஒவ்வொரு நுனிக்கும் எண் கொடுத்து, அதற்கு உயிர் கொடுத்தவர்கள் நாங்கள் பன்னிரண்டு பேர்.

அதிலும் மாற்றுப்பெட்டி முழுக்க என் கை வேலை. வெளியே எந்த மின்சாரம் இருக்கிறது என்று பார்த்து இன்ஜினை அதற்கேற்பத் திருப்பிவிடுகிற பெட்டி அது. அதற்குள் உள்ளங்கை அளவு ரிலே ஒன்று உண்டு. நாங்கள் அதை ‘மூக்கு’ என்போம். பாண்டோ, அதாவது கூரை மேல் நிமிர்ந்து கம்பியைத் தொடுகிற கை, மேலே தொட்டவுடன் மூக்கு மோப்பம் பிடித்து ‘மூவாயிரம்’ என்றோ ‘இருபத்தையாயிரம்’ என்றோ சொல்லும். அதைக் கேட்டுத்தான் பெரிய சுவிட்ச் விழும். மூக்கு பொய் சொன்னால் மூவாயிரத்துக்குக் கட்டின வீட்டுக்குள் இருபத்தையாயிரம் புகுந்துவிடும். அப்புறம் வீடும் இல்லை, ஒன்றரை வருஷ வேலையும் இல்லை.

புதிய பெட்டியைக் கட்டியவர் முதல் ஓட்டத்தில் இன்ஜினில் ஏற வேண்டும் என்பது எங்கள் ஆலை வழக்கம். தன் கைவேலையை நம்புகிறவன் அதன் மேல் உட்கார்ந்து காட்டட்டும் என்று கணக்கு. இதுவரை கட்டியவர்கள் எல்லாம் ஆண்கள், அதனால் யாரும் எதுவும் சொன்னதில்லை. என் முறை வந்ததும் சோதனைப் பொறியாளர் ரடோவான் கலினாவுக்கு இட நெருக்கடி வந்துவிட்டது.

“பெஷ்கோவாம்மா, ஓட்டுநர் அறையில நாலு பேருக்குத்தான் இடம். ரயில்வே கமிஷன்காரங்க வேற வருவாங்க. நீங்க பஸ் புடிச்சு லோட்காவுக்கு வந்து நின்னு கை தட்டுங்களேன்.”

“கை தட்டறதுக்கா பதினோரு கிலோமீட்டர் கம்பி கட்டினோம்? போன தடவை மத்தூஷ் ஏறினாரு. நூத்திப் பத்து கிலோ. அவருக்கு இடம் இருந்துச்சு, எனக்கு இல்லையா?”

“அது வேற...”

“என்ன வேறன்னு டைரக்டர் முன்னாடி வந்து சொல்லுங்க.”

டைரக்டர் புதன்கிழமை இரண்டு மணிக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஓட்டம் வியாழக்கிழமை. கூடத்துச் சோதனையெல்லாம் முடிந்து முத்திரையும் விழுந்துவிட்டது. நான் கடைசியாக ஒருமுறை மாற்றுப்பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது மூக்குக் கம்பி மாட்டியிருந்த திருகு கையோடு சுற்றியது. மரை தேய்ந்திருந்தது. அதன் ஒரு புறம் உள்ள முனை அதே வேலையைச் செய்கிற மாற்று முனை. மறுபுறம் உள்ளதில் மாட்டினால் மூக்கு எந்த மின்சாரத்தையும் ‘மூவாயிரம்’ என்றே சொல்லும். நல்ல முனைக்கு மாற்றுவது நிமிஷ வேலைதான், ஆனால் மணி ஒன்று ஐம்பத்தைந்து. மனசெல்லாம் டைரக்டரிடம் என்ன சொல்வது என்பதிலேயே இருந்தது. ஒரு சீட்டில் கிறுக்கிப் பெட்டிக் கதவில் செருகிவிட்டு, சண்டைக்குப் போனேன்.

சண்டையில் ஜெயித்தேன். “ஏறட்டும்” என்றார் டைரக்டர், காகிதத்திலிருந்து தலையை எடுக்காமலே. வெற்றிச் சந்தோஷத்தில் நேராக வீட்டுக்குப் போய் முட்டைக்கோஸ் சூப் வைத்தேன். சீட்டை மறந்தே போனேன்.

வியாழக்கிழமை காலை தூறல். பின்னால் ஆயிரத்து எண்ணூறு டன் நிலக்கரி. இன்ஜினை அடுத்து அளவைப் பெட்டி, அதில் கமிஷன் ஆட்களும் அவர்களுடைய முள் ஓடுகிற கருவிகளும். கமிஷன் தலைவர் ஹவ்ரானெக் ஓட்டுநர் அறைக்கு வரவே இல்லை. “முள்ளு பேசட்டும், நீங்க பேச வேணாம்” என்று சொல்லிவிட்டு அங்கே உட்கார்ந்துகொண்டார். ஆக, நாலு பேர் இடத்தில் நாங்கள் மூன்றே பேர். இதைக் கலினாவிடம் இரண்டு முறை சுட்டிக்காட்டினேன்.

இன்ஜின் இழுத்த இழுப்பு இருக்கிறதே! அவ்வளவு பாரத்தையும் மேட்டில் ஒரு திணறல் இல்லாமல் ஏற்றியது. காலடித் தகடு வழியாக அந்த அதிர்வு என் முழங்கால் வரை வந்தது. இதில் ஓடுகிற ஒவ்வொரு கம்பியும் எந்த நிறம், எங்கே வளைகிறது என்று எனக்குத் தெரியும். கோயிலில் நிற்கிற மாதிரி நின்றேன்.

மேடு முடிந்து லோட்காவை நோக்கிய நீண்ட இறக்கம் வந்தது. கலினா சமாதானக் கொடி காட்ட நினைத்தார் போலிருக்கிறது. மனைவி கட்டிக்கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து, ரொட்டிக்கு நடுவில் பொரித்த கறித்துண்டு வைத்ததில் பாதியை என்னிடம் நீட்டினார்.

“சாப்பிடுங்க. நேத்து உங்க வேலையையும் நானே முடிச்சுட்டேன். பொண்ணுங்க எல்லாம் ஷிஃப்ட் முடிஞ்சு போயிட்டாங்க. மூக்குக் கம்பியை இடது முனைக்கு மாத்திட்டேன்.”

விலேம் கைப்பிடி மேஜையை அறைந்தார். “பீர்! பீர்! இன்ஜினியர்கிட்டயிருந்து ஒரு பெட்டி!”

“நான் எங்க சொன்னேன்? அவங்க எழுதினதைப் படிச்சேன், அவ்வளவுதான்.” கலினா சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து என் கையிலேயே கொடுத்தார்.

என் எழுத்து. என் கையெழுத்து. ‘மூக்குக் கம்பியை இடது முனைக்கு மாற்றவும்.’

“அட, பெஷ்கோவாவா!” விலேமுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது சிரிப்பில். “பதினாலு வருஷம்! யானைக்கும் அடி சறுக்கிடுச்சு தாயி!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “இன்ஜினியரே, எந்த நடையில நின்னு மாத்தினீங்க?”

“ஜன்னல் நடையில. அடுத்த நடையில பெயிண்ட் அடிச்சுக்கிட்டிருந்தாங்க.”

நான் எப்போதும் நிற்பது அந்த அடுத்த நடையில்தான். என் இடது அவருடைய வலது. ரொட்டி என் கையில் அப்படியே நின்றது.

வடக்குக் கம்பியின் கீழே எல்லாம் சரியாகத்தான் இருக்கும். மூக்கு ‘மூவாயிரம்’ என்று சொல்லும், அது உண்மையும்கூட. எல்லையைத் தாண்டினால்தான் பொய். வேலைப் பதிவேட்டில் அந்தக் கம்பிக்குக் கையெழுத்துப் போட்டவர் கலினா. நான்தான் எழுதினேன் என்பதற்கு ஒரே சாட்சி என் கையில் இருந்த சீட்டு. ரொட்டியோடு சேர்த்து மென்று விழுங்கியிருக்கலாம். பொய் சொல்ல மாட்டேன், ஒரு கணம் அந்த நினைப்பு வந்தது. பெட்டி கருகினால் கலினா மானம் போகும், என் பதினான்கு வருஷம் நிற்கும். பிறகு, கருகப்போவது என் பெட்டி என்று உறைத்தது.

“விலேம் அண்ணே, பாண்டோவை இறக்குங்க.”

“லோட்காவுக்கு இன்னும் அஞ்சு கிலோமீட்டர் கிடக்கு தாயி.”

“தெரியும். கம்பி தப்பான முனையில இருக்கு. மூக்கு பொய் சொல்லும். தப்பு இவர் மேல இல்ல, என் மேல. நான்தான் இடதுன்னு எழுதிட்டேன்.”

கலினாவின் முகத்தில் ரத்தம் வற்றியது. “வண்டியை நிறுத்திடலாம்” என்றார்.

“நிறுத்தினா மொத்தக் கமிஷனும் இறங்கி வந்து வேடிக்கை பாக்கும். இறக்கம்தானே, உருளட்டும். எவ்வளவு நேரம் தருவீங்க அண்ணே?”

விலேமின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. வேகமுள்ளைப் பார்த்தார், எழுபது. “நாலு நிமிஷம். அதுக்கு மேல வேணும்னா கடவுளைக் கேளு. அவரு கட்சி மெம்பர் இல்ல, அதனால உறுதி சொல்ல முடியாது.”

பாண்டோ இறங்கியது. விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அவ்வளவு பெரிய இன்ஜின் திடீரென்று ஊமையானது. சக்கரச் சத்தம் மட்டும் கேட்டது. விலேம் கூரை மேலுள்ள மின்கம்பிகளை எர்த்தோடு இணைக்கும் பிடியைத் திருப்பி, அதிலிருந்து வெளிவந்த சாவியை என் கையில் வைத்தார். எங்கள் இன்ஜினில் அந்த ஒரே சாவிதான். பாண்டோ இறங்கினால்தான் அது வெளியே வரும், அதைப் போட்டால்தான் மின்பெட்டி திறக்கும், அது திரும்பிப் போய் மாட்டப்படும் வரை பாண்டோ ஏறாது. யார் உள்ளே போகிறாரோ, சாவி அவர் பாக்கெட்டில். உயிர் அது.

ஓடினேன். பின்னால் கலினா டார்ச்சோடு. என் நடையில், நான் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்று கதவைத் திறந்தேன். கம்பி இரண்டாம் அறைப் பக்கம் மாட்டியிருந்தது. ஒழுங்காக, அழுத்தமாக, தப்பாக.

“இறைவனே” என்றார் கலினா.

“அவரை அப்புறம் கூப்பிடலாம். வெளிச்சத்தைக் கீழ காட்டுங்க.”

மெழுகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். நட்டைக் கழற்றும்போது இன்ஜின் ஒரு வளைவில் சாய்ந்தது, வாஷர் விரலிலிருந்து நழுவியது. பெட்டியின் அடியில் விழுந்திருந்தால் தேடி எடுக்கவே ஒரு மணி நேரம். என் உள்ளங்கைக்குக் கீழே இன்னொரு கை நீண்டிருந்தது. கலினா அதைப் பிடித்துவிட்டார்.

ஓட்டுநர் அறையில் தொலைபேசி அலறியது. விலேம் கத்தினார்: “முள்ளு ஏன் பூஜ்யத்துல நிக்குதுன்னு கமிஷன் கேக்குது!”

“சோதனையில ஒரு பகுதின்னு சொல்லுங்க!” என்று கலினாவும் கத்தினார்.

நான் கம்பியை ஒன்றாம் அறைப் பக்கத்து முனைக்குக் கொண்டுபோய், மாட்டி, முறுக்கி, இழுத்துப் பார்த்தேன். பிறகு நுனியிலிருந்து ரிலே வரை விரலால் தடவிக்கொண்டே சத்தமாகச் சொன்னேன்: “ஒண்ணு பக்கம்.” கலினாவும் டார்ச்சை நகர்த்திக்கொண்டே சொன்னார்: “ஒண்ணு பக்கம்.” நூலைக் கட்ட நேரமில்லை. என் தலையில் இருந்த ரிப்பனை அவிழ்த்து முடிச்சுப் போட்டேன். கதவைச் சாத்தி, சாவியை உருவிக்கொண்டு திரும்பி ஓடினேன்.

விலேம் சாவியைப் பிடியில் மாட்டித் திருப்பியபோது எல்லைப் பலகை கண்ணுக்குத் தெரிந்தது. மின்சாரமே இல்லாத அந்தச் சின்னத் துண்டுக் கம்பியின் கீழே உருண்டோம். தாண்டினோம். பாண்டோ ஏறியது.

இரண்டு விளக்குகள். பச்சை என்றால் மூவாயிரம், மஞ்சள் என்றால் இருபத்தையாயிரம். மூக்கு மோப்பம் பிடிக்க மூன்று நொடி எடுக்கும். அந்த மூன்று நொடியில் நான் மூச்சு விட்டதாக ஞாபகம் இல்லை.

மஞ்சள்.

பெரிய சுவிட்ச் ‘டம்’ என்று விழுந்தது. காலுக்கடியில் ஒன்பது டன் டிரான்ஸ்ஃபார்மர் முதல்முதலாகப் பயணத்தில் முனகத் தொடங்கியது. ஆயிரத்து எண்ணூறு டன்னும் பின்னால் ஒருமுறை உதறிக்கொண்டு இழுபட்டது. விலேம் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நான் அழுதேன். சொல்ல என்ன வெட்கம், வாய்விட்டு அழுதேன். வலது கையிலோ இடது கையிலோ அந்தப் பாதி ரொட்டியை யாரோ திரும்பத் திணித்தார்கள்.

லோட்கா பிளாட்பாரத்தில் இன்ஜின் கழற்றுகிறவர்கள் ஐந்து பேர் வழக்கம்போல் தயாராக நின்றிருந்தார்கள். அந்த ஸ்டேஷனில் நிற்காமல் ஒரு சரக்கு ரயில் போய் அவர்கள் பார்த்ததே இல்லை. நாங்கள் நிற்கவில்லை. ஒருவர் கொக்கிக் கம்பியைத் தூக்கிப் பிடித்து எங்களுக்கு வணக்கம் வைத்தார்.

அடுத்த ஸ்டேஷனில் ஹவ்ரானெக் இறங்கி நேராக எங்களிடம் வந்தார். கையில் முள் ஓடின காகிதச் சுருள்.

“தோழர் இன்ஜினியர், அஞ்சு கிலோமீட்டர் முன்னாடியே பாண்டோவை இறக்கிட்டீங்க. இப்படி ஒரு சோதனை என் அட்டவணையில இல்லையே.”

கலினா வாயைத் திறந்தார். எனக்காகத்தான் இன்னொரு பொய் சொல்லப்போகிறார் என்று புரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

“சோதனை இல்லீங்க. ஒரு கம்பியை எங்க மாட்டணும்னு நான் தப்பா எழுதிக் கொடுத்துட்டேன். ஓடும்போது கண்டுபுடிச்சு, உள்ள போய் மாத்தினோம். நாலு நிமிஷம் ஆச்சு. இப்போ சரியா இருக்கு.”

“யாரு நீங்க?”

நான் பதில் சொல்லுமுன் கலினா சொன்னார்: “இந்த இன்ஜினுக்குக் கம்பி கட்டினவங்க.”

ஹவ்ரானெக் காகிதச் சுருளைச் சுற்றிப் பையில் போட்டார். பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. “வண்டியைக் கழட்டுங்க. இன்ஜினை மட்டும் வடக்க கொண்டு போங்க. நான் இங்க ஏர்றேன்.”

அன்று அந்த எல்லையை இன்னும் ஆறு தடவை தாண்டினோம். போக, வர, போக, வர. பச்சை, மஞ்சள், பச்சை, மஞ்சள். முதல் இரண்டு தடவை ஹவ்ரானெக் விளக்குக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றார். நாலாவது தடவை விலேமிடம் மகளின் கல்யாணத்தைப் பற்றி விசாரித்தார். ஆறாவது தடவை விளக்கு மாறியபோது ஜன்னல் பக்கம் திரும்பி ஊறுகாய் வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார். என் பெட்டிக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் யாரும் கொடுத்ததில்லை. சாயங்காலம் கையெழுத்துப் போட்டார். குறிப்பு என்ற இடத்தில் ‘கதவில் இரண்டு முனைகளின் எண்ணும் பெயிண்டால் எழுதப்பட வேண்டும்’ என்று மட்டும் இருந்தது. நியாயம்தான்.

திங்கட்கிழமை காலை பீர்ப் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தேன். மத்தூஷ் தூக்க வந்தார், விடவில்லை. யாரும் ஊளையிடவில்லை, கேலி பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “என்னடா, எழவு வீடா இது? பதினாலு வருஷமா உங்க ஒவ்வொருத்தரையும் நான் விட்டேனா?” என்றேன். அப்புறம் பாருங்கள், கூரைத் தகடு கிடுகிடுத்தது. சாக்பீஸை யாரிடமும் கொடுக்காமல் நானே சுவரில் எழுதினேன், மற்றப் பெயர்களைவிடப் பெரிதாக: லிபுஷே பெஷ்கோவா. பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் சாக்பீஸால் ஒரு வட்டமும் போட்டேன். விளங்கினவர்களுக்கு விளங்கட்டும்.

பாட்டில்கள் காலியானபின் கலினா என் மேஜைக்கு வந்தார். பாக்கெட்டிலிருந்து ஒரு புதிய சாவியை எடுத்து வைத்தார். இரண்டாவது இன்ஜினுடையது.

“அடுத்த மாசம் ஓடுது. வழக்கப்படி முதல் இன்ஜினுக்குத்தான் கட்டினவங்க ஏறணும். இதுக்கும் நீங்க ஏறினா நல்லா இருக்கும். நான் நின்னுக்கறேன், இடம் இருக்கு.”

சாவியை எடுத்து மேலங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். எந்தப் பக்கத்துப் பாக்கெட் என்று மட்டும் கேட்காதீர்கள், இன்னொரு பெட்டி என்னால் தூக்க முடியாது.